காதரின் பாரின் நான்கு இல்லங்கள்

இங்கிலாந்தை ஆண்ட எட்டாம் ஹென்றி மன்னரின் ஆறு மனைவியரைப் பற்றிப் படிப்பவர்கள், அந்தப் பெண்மணிகள் எவ்வாறு வாழ்ந்தார்கள் என்பதைக் காட்டிலும், அவர்களுடைய தாம்பத்தியம் எவ்வாறு முடிந்தது என்பதையே மனத்தில் இருத்திக்கொள்கிறார்கள். விலக்கப்பட்டவர் இருவர், சிரச்சேதம் செய்யப்பட்டவர் இருவர், பிரசவத்தை அடுத்து மாண்டவர் ஒருவர், கணவருக்குப் பின்னும் உயிரோடு இருந்தவர் ஒருவர் என்று அந்தக் கணக்கு சுருக்கமாக முடிந்துவிடுகிறது. இறுதியாகச் சொல்லப்பட்டவர்தாம் காதரின் பார். இங்கிலாந்தின் அரசிகளுள் எவரையும்விட அதிகமாக, நான்கு முறை விவாகம் செய்துகொண்ட அவர், முப்பத்தாறு ஆண்டுகளே வாழ்ந்தார். அந்த வாழ்வின் பெரும்பகுதியை, பிறர் பெற்ற குழந்தைகளைத் தம்முடைய குழந்தைகளாகப் பேணிக் கட்டிய குடும்பங்களிலேயே கழித்தார். உயிர் தப்பியவர் என்ற ஒரே அடைமொழியில் அவரை அடக்கிவிடுவது பெரும் அநீதி என்றே நான் கருதுகிறேன். அரச குடும்பத்தில் சிதறிக்கிடந்த தாயற்ற பிள்ளைகளை ஒரு கூரையின்கீழ் கொண்டுவந்து, அவர்களுக்குக் கல்வியும் அன்பும் ஊட்டிய மாற்றாந்தாய் என்பதே அவருக்குச் சரித்திரத்தில் உரிய ஸ்தானம்.

காதரின் 1512-ஆம் ஆண்டில் பிறந்தார் என்று கொள்வர். தந்தை ஸர் தாமஸ் பார், மன்னரின் அவையில் செல்வாக்குப் பெற்றிருந்தவர். தாய் மாட் கிரீன், அப்போதைய பட்டத்தரசியான அராகன் காதரினுக்குத் தோழியாகப் பணிபுரிந்தவர். அந்த அரசியின் நினைவாகவே குழந்தைக்குப் பெயர் வைக்கப்பட்டதாகச் சொல்வார்கள். 1517-இல் தந்தை காலமானபோது காதரினுக்கு ஐந்து வயதுதான். தம்பி வில்லியமும் தங்கை ஆனும் அதனினும் சிறியவர்கள். இளம் விதவையான மாட் மறுவிவாகத்தை நாடவில்லை. தம் மக்களின் கல்வியையும் எதிர்காலத்தையும் தம் கையிலேயே வைத்துக்கொண்டு, நிலபுலன்களைத் தாமே நிர்வகித்து, பெண்மக்களுக்கும் எழுத்தும் அன்னிய மொழியும் கற்பித்தார். கணவனை இழந்த ஒரு பெண் குடும்பத்தின் தலைமையை ஏற்று நடத்த முடியும் என்பதைக் காதரின் முதன்முதலில் கண்டது தம்முடைய தாயின் வீட்டில்தான்.

அக்காலத்துப் பிரபு குடும்பங்களில் விவாகம் என்பது இரண்டு உள்ளங்களின் விஷயமாக அல்லாமல், இரண்டு எஸ்டேட்டுகளின் உடன்படிக்கையாகவே நடந்துவந்தது. பெண்வீட்டார் எவ்வளவு சீதனம் கொடுப்பது, அதை எத்தனை தவணைகளில் செலுத்துவது, மணமகன் இறந்துபோனால் மனைவியின் ஜீவனத்துக்காக எந்தக் கிராமங்களின் வருமானத்தை ஒதுக்குவது என்பனவெல்லாம் பத்திரத்தில் எழுதி முடிந்த பிறகே மற்றப் பேச்சு எழும். காதரினுக்குப் பதினோரு வயதாகும் தறுவாயில், ஸ்க்ரோப் பிரபுவின் மகனுக்கு அவரைக் கொடுக்க மாட் பேச்சு நடத்தினார். பண நிபந்தனைகளில் இரு தரப்பும் ஒத்துப்போகாமல் அது முறிந்தது. ஆனால் தம்பி வில்லியமுக்கு 1527-இல் எஸெக்ஸ் பிரபுவின் ஒரே வாரிசான ஆன் பௌர்ச்சியரை முடித்துவைப்பதில் அந்தத் தாய் வெற்றி பெற்றார். குழந்தைப் பருவத்திலேயே முடிக்கப்பட்ட அந்தச் சம்பந்தம், பிற்காலத்தில் மனைவி வேறொருவருடன் சென்றுவிட்டதாலும், பாராளுமன்றமே தலையிட்டு அவளுடைய குழந்தைகளை வாரிசுரிமையற்றவர்கள் என்று சட்டம் செய்ய நேர்ந்ததாலும் படுதோல்வியில் முடிந்தது. செல்வத்தை மாத்திரம் அளந்து செய்த விவாகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் காதரினுக்கு வெளியே உதாரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

1529-இல், பதினேழாம் வயதில், லிங்கன்ஷயரைச் சேர்ந்த எட்வர்டு பரோ என்ற இளைஞருக்குக் காதரின் மணமுடிக்கப்பட்டார். பழைய சரித்திர நூல்கள் பலவற்றில், இந்த மணமகன் சித்தப்பிரமை கொண்ட ஒரு முதியவர் என்று எழுதப்பட்டிருக்கும். அது அதே பெயருடைய பாட்டனாரையும் பேரனையும் ஒருவராக எண்ணியதால் விளைந்த பிழை. உண்மையில் கணவர் காதரினை ஒத்த இளம் பிராயத்தினர். கெயின்ஸ்பரோ நகரத்து மாளிகையில், கடுமையான சுபாவம் கொண்ட மாமனார் ஸர் தாமஸ் பரோவின் அதிகாரத்தின்கீழ், புதுமணப்பெண்ணின் குடித்தனம் தொடங்கிற்று. 1531-இன் இறுதியில் தாய் மாட் இறந்தார். 1533-இல் கணவரும் இறந்தார். தாயும் தந்தையும் கணவரும் இல்லாமல், மடியில் குழந்தையும் இல்லாமல், இருபது வயதைத் தாண்டும் முன்பே விதவையான ஒரு பெண்ணுக்குப் பந்துக்களின் ஆதரவும் மறுவிவாகமுமே கதி என்றிருந்த காலம் அது.

அடுத்த ஆண்டிலேயே, 1534-இல், வட இங்கிலாந்தின் யார்க்ஷயரில் ஸ்நேப் கோட்டையை உடைய லாட்டிமர் பிரபு, ஜான் நெவில் என்பவரை அவர் மணந்தார். பிரபு ஏறத்தாழ நாற்பது வயதினர். அதற்குமுன் இருமுறை மனைவியை இழந்தவர். ஜான் என்ற மகனும் மார்கரெட் என்ற மகளும் உடையவர். காதரின் மாற்றாந்தாயாக முதன்முதல் அடியெடுத்துவைத்தது இந்த வீட்டில்தான். அந்தக் குடும்பத்துக்கு வந்த சோதனையோ சாதாரணமானதன்று. 1536-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், மன்னர் துறவிகளின் மடங்களைக் கலைத்துச் சமயத்தில் புகுத்திய மாறுதல்களை எதிர்த்து, வட பிராந்தியத்து ஜனங்கள் திரண்டெழுந்தார்கள். அருட் புனிதப் பயணம் என்று அவர்கள் தங்கள் கிளர்ச்சிக்குப் பெயரிட்டுக்கொண்டார்கள். லாட்டிமர் அவர்களுடைய நிர்ப்பந்தத்துக்கு உட்பட்டு அவர்களோடு சேர நேர்ந்தது. அதனால் மன்னரின் சந்தேகத்துக்கும் ஆளானார். மன்னரின் மன்னிப்பை நாடி அவர் தெற்கே சென்றிருந்த சமயம், 1537 ஜனவரியில், அவர் தங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று சினந்த கூட்டத்தார் ஸ்நேப் கோட்டைக்குள் புகுந்து, காதரினையும் இரு குழந்தைகளையும் பிணையாக வைத்துக்கொண்டு, பிரபு திரும்பி வராவிட்டால் வீட்டை அழித்துக் குடும்பத்தைக் கொன்றுவிடுவதாக மிரட்டினார்கள். கணவர் விரைந்து வந்து கூட்டத்தாரைச் சமாதானப்படுத்தும்வரையில், இருபத்துநான்கு வயதுப் பெண் ஒருத்தி, தன் வயிற்றில் பிறவாத இரண்டு பிள்ளைகளுக்கு அந்தக் கோட்டையில் அரணாக இருக்க வேண்டியிருந்தது.

அந்த நாட்களில் முளைத்த பாசம் பின்னர் வாடவேயில்லை. 1543-இன் தொடக்கத்தில் லாட்டிமர் நோயுற்று லண்டனில் காலமானபோது, மகளின் பொறுப்பைக் காதரினிடமே விட்டுச் சென்றார். மார்கரெட் தன் சிற்றன்னையோடு அரண்மனைக்குச் சென்று, அவருடைய தோழியருள் ஒருத்தியாக வாழ்ந்து, 1546-இல் இளம் வயதிலேயே மரணமடைந்தாள். தன்னை நற்பழக்கத்தில் வளர்த்ததற்கும், தன்மேல் சொரிந்த அன்புக்கும் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது என்று அவள் தன் மரண சாசனத்தில் காதரினைக் குறித்து எழுதிவைத்தாள். ஒரு மாற்றாந்தாய்க்கு இதைக் காட்டிலும் உயர்ந்த சாட்சிப் பத்திரம் வேறென்ன இருக்க முடியும்?

இரண்டாம் முறை விதவையான காதரினுக்கு இப்போது வயது முப்பது. கைக்கு வருமானமும் தன் இஷ்டம்போல் முடிவு செய்யும் சுதந்திரமும் வாழ்க்கையிலேயே முதன்முறையாகக் கிடைத்திருந்தன. அவர் மனம் தாமஸ் ஸீமோரை நாடியது. காலஞ்சென்ற ஜேன் ஸீமோர் அரசியின் சகோதரரும், அழகும் வாக்குவன்மையும் பேராசையும் ஒருங்கே வாய்ந்தவருமான அவரை மணக்க விரும்பியதைக் காதரின் பின்னாளில் எழுதிய கடிதம் ஒன்றில் ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார். தெய்வ சித்தம் வேறாக இருந்ததால் தம் சித்தத்தைத் துறக்க நேர்ந்தது என்பதும் அந்தக் கடிதத்தின் கருத்து. இளவரசி மேரியின் பரிவாரத்தில் சேர்ந்திருந்த காதரின் மேல் மன்னரின் பார்வை விழுந்துவிட்டது. மே மாதத்தில் ஸீமோர் பிரஸ்ஸெல்ஸுக்குத் தூதராக அனுப்பப்பட்டார். ஐம்பத்திரண்டு வயதில், பருத்த தேகமும் ஆறாத கால் புண்ணும் கொண்டு, அதுவரை இரு மனைவியரைக் கொலைக்களத்துக்கு அனுப்பியிருந்த அரசர் கேட்கும்போது, மறுப்பதற்கு ஒரு பிரஜைக்கு வழி ஏது? 1543 ஜூலை 12-ஆம் தேதி, ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையின் சிறிய வழிபாட்டு அறையில், வின்செஸ்டர் பிஷப் ஸ்டீபன் கார்டினர் நடத்திவைக்க, சுமார் இருபது பேர் முன்னிலையில் அந்த விவாகம் நடந்தது. மன்னரின் புதல்வியர் மேரியும் எலிசபெத்தும் அங்கே இருந்தார்கள்.

அந்தப் பிள்ளைகளின் நிலையை எண்ணிப் பார்த்தால்தான் காதரின் ஏற்ற கடமையின் பாரம் விளங்கும். இருபத்தேழு வயதான மேரி, தாய் விலக்கப்பட்டதைக் கண்ணால் கண்டு, தாயின் மரணப்படுக்கையருகே செல்லவும் அனுமதி பெறாதவர். ஒன்பது வயதான எலிசபெத்துக்கோ, தாய் ஆன் பொலினின் தலை தந்தையின் கட்டளையால் வெட்டப்பட்டபோது மூன்று வயதுகூட நிரம்பவில்லை. ஐந்து வயதான எட்வர்டு, பிறந்த பன்னிரண்டாம் நாள் தாயை இழந்த குழந்தை. மூவரும் வெவ்வேறு மாளிகைகளில், வெவ்வேறு பணியாளரின் பொறுப்பில் வளர்ந்துவந்தார்கள். பெண்மக்கள் இருவரும் சட்டத்தின் கண்ணில் முறைகேடாகப் பிறந்தவர்கள். தம்மைவிட நான்கே வயது இளையவரான மேரிக்குக் காதரின் தோழியாக இருந்தார். மற்ற இருவருக்கும் தாயாக இருந்தார். அவர்களை அரண்மனைக்கு வரவழைப்பதும், கடிதம் எழுதுவதும், பாடம் விசாரிப்பதும், பரிசு அனுப்புவதுமாக அந்த உறவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னினார். மேரியையும் எலிசபெத்தையும் மீண்டும் பட்டத்துக்குரிய வரிசையில் சேர்த்த சட்டம் 1544-இல் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அந்தச் சட்டம் மன்னரின் செயலே. எனினும், தந்தையும் மக்களும் ஒரே மேஜையில் அமர்ந்து உணவருந்தக் கூடிய குடும்பமாக அது உயிர்பெற்றது அரசியின் முயற்சியால்.

அதே ஆண்டு கோடையில் ஹென்றி பிரான்சின்மேல் படையெடுத்துப் பூலோன் நகரத்தை முற்றுகையிடச் சென்றபோது, ராஜ்யத்தின் பிரதிநிதியாகக் காதரினையே நியமித்தார். ஜூலை முதல் செப்டம்பர் வரையில் ஆலோசனைச் சபையின் நடுவே அமர்ந்து, படைக்கு வேண்டிய பணத்துக்கும் தளவாடங்களுக்கும் ஏற்பாடு செய்து, ஸ்காத்லாந்து எல்லையைக் கண்காணித்து, கொள்ளைநோய் பரவாமலிருக்க ஆணை பிறப்பித்து அவர் நாட்டை நிர்வகித்தார். ஆணைகளின் கீழ் அரசி என்று கையெழுத்திடும்போதெல்லாம், தாம் பிறந்த பார் குடும்பத்தின் முதலெழுத்தையும் தம் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்தே எழுதுவது அவர் வழக்கம். பட்டம் கணவரிடமிருந்து வந்தது. மதி தாயின் வீட்டிலிருந்து வந்தது என்பதை அவர் மறக்கவில்லை போலும். அந்தக் கோடையில் பத்து வயது எலிசபெத் தன் சிற்றன்னைக்கு இத்தாலிய மொழியில் கடிதம் எழுதினாள். ஆண்டின் இறுதியில், நவார் நாட்டு அரசி மார்கரெட் பிரெஞ்சில் எழுதிய பக்தி நூல் ஒன்றைத் தானே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, காதரினின் முதலெழுத்துக்களைப் பின்னிய துணியுறை போர்த்தி, புத்தாண்டுப் பரிசாக அளித்தாள். ஆக்ஸ்போர்டு நகரத்துப் பாட்லியன் நூலகத்தில் அந்தச் சிறு புத்தகம் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. எட்வர்டு எழுதிய லத்தீன் கடிதங்களிலோ காதரின் பேரன்புக்குரிய தாய் என்றே அழைக்கப்படுகிறார்.

தாம் பெற்ற கல்வியைப் பிள்ளைகளுக்கு ஊட்டியதோடு நில்லாமல், தாமும் நூலாசிரியரானார் காதரின். 1545-இல் அவர் பெயர் தாங்கி அச்சான பிரார்த்தனை நூல், இங்கிலாந்தின் அரசி ஒருவர் தம் சொந்தப் பெயரில் வெளியிட்ட முதல் புத்தகம். அதையே எலிசபெத் லத்தீன், பிரெஞ்சு, இத்தாலியம் என்ற மூன்று மொழிகளில் பெயர்த்துத் தந்தைக்கு அன்பளிப்பாகத் தந்தாள். இராஸ்மஸ் என்ற பேரறிஞரின் வேதாகம விளக்கத்தை ஆங்கிலமாக்கும் பணியைக் காதரின் தொடங்கிவைத்து, அதில் யோவான் பகுதியின் மொழிபெயர்ப்பில் மேரியையும் ஈடுபடுத்தினார். பழைய சமயத்தில் அசையாத பற்றுடைய மேரியும், சீர்திருத்தத்தின்பால் சாய்ந்த காதரினும் ஒரே கிரந்தத்தின் முன் அமர முடிந்தது என்றால், அந்த வீட்டில் நிலவிய நல்லிணக்கத்தை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் கல்வியே அவருக்கு ஆபத்தாகவும் வந்தது. 1546-இல் சமயக் கொள்கைக்காக ஆன் ஆஸ்க்யூ என்ற பெண்மணியைச் சித்திரவதை செய்து, ஜூலை மாதத்தில் உயிரோடு எரித்தார்கள். அரசியின் தோழியரைப் பற்றிய துப்பு அவரிடமிருந்து கிடைக்குமா என்பதே விசாரித்தவர்களின் நோக்கமாக இருந்தது. பிஷப் கார்டினரும் சான்சலர் ரையோதெஸ்லியும் அரசியைக் கைது செய்யவே மன்னரின் சம்மதத்தைப் பெற்றுவிட்டதாகவும், செய்தி முன்கூட்டியே எட்டியதால் காதரின் மன்னரிடம் சென்று, புண்ணின் வேதனையை அவர் மறந்திருக்கவும் அவரிடமிருந்து கற்றுக்கொள்ளவுமே தாம் வாதாடியதாகப் பணிந்து சொல்லித் தப்பியதாகவும், ஜான் பாக்ஸ் என்பவர் பல ஆண்டுகளுக்குப் பின் எழுதிவைத்தார். நாற்பது காவலரோடு கைதுக்கு வந்த சான்சலரை மன்னர் வைது துரத்தியதாக அந்த வரலாறு முடிகிறது. நோயாளிக் கணவருக்குப் பணிவிடை செய்யும் மனைவியின் அறிவுரைகூடக் குற்றமாகக் கூடிய இல்லறம் அது என்பதை இந்த நிகழ்ச்சி தெளிவாகக் காட்டுகிறது.

1547 ஜனவரி 28-இல் ஹென்றி மறைந்தார். சில மாதங்களுக்குள்ளேயே, அந்த ஆண்டின் வசந்த காலத்தில், காதரின் தாமஸ் ஸீமோரை ரகசியமாக மணந்துகொண்டார். நான்கு விவாகங்களுள் அவர் தாமாகத் தேர்ந்தது இது ஒன்றே. செய்தி வெளிப்பட்டபோது மேரி மனம் நொந்தார். சிறுவன் எட்வர்டு மன்னருக்காக ராஜ்யத்தை நடத்திவந்த ஸீமோரின் தமையனார், ஸாமர்செட் கோமகன், சீற்றம் கொண்டு, காதரின் தமக்குரியவை என்று கருதிய ஆபரணங்களைத் தர மறுத்தார். இவ்வளவுக்கும் இடையில் செல்ஸீயில் இருந்த காதரினின் மாளிகை மறுபடியும் பிள்ளைகளின் வீடாயிற்று. பதின்மூன்று வயது எலிசபெத் அவரோடு வசிக்க வந்தாள். அரச வமிசத்தைச் சேர்ந்த ஜேன் கிரே என்ற சிறுமியும் ஸீமோரின் பொறுப்பில் விடப்பட்டாள்.

வேதனை அந்த வீட்டின் தலைவராலேயே விளைந்தது. அதிகாலையில் எலிசபெத்தின் படுக்கையறைக்குள் நுழைவதும், அவளைத் தொட்டுச் சீண்டுவதுமாக ஸீமோர் நடந்துகொண்டதைப் பணிப்பெண்கள் பின்னால் விசாரணையில் வாக்குமூலமாகச் சொன்னார்கள். முதலில் அதை விளையாட்டென்று எண்ணித் தாமும் சில சமயம் உடனிருந்த காதரின், அதன் உண்மை நிறத்தைக் கண்டபோது, 1548-இன் கோடைத் தொடக்கத்தில் எலிசபெத்தை ஆண்டனி டென்னி என்பவரின் குடும்பத்தோடு வசிக்க அனுப்பிவிட்டார். அவர் இதை இன்னும் முன்னதாகச் செய்திருக்க வேண்டும் என்பதை மறைப்பதற்கில்லை. வளர்ப்புத் தாயாக அவர் தவறிய இடம் இது ஒன்று. பிரிந்த பின்னரும் இருவருக்குமிடையே கடிதங்கள் அன்போடு தொடர்ந்தன.

அப்போது காதரின், மூன்று விவாகங்களில் வாய்க்காத பேற்றை எதிர்நோக்கியிருந்தார். கருவிலிருக்கும் சிசு அசைவதைக் கணவருக்கு மகிழ்ச்சியோடு எழுதினார். கிளாஸ்டர்ஷயரிலுள்ள ஸூட்லி கோட்டையில், 1548 ஆகஸ்ட் 30-இல் பெண்குழந்தை பிறந்தது. காதரினின் மூத்த வளர்ப்பு மகளின் பெயரையே தாங்கி அது மேரி எனப்பட்டது. அக்காலத்தில் எத்தனையோ தாய்மாரைக் கொண்டுபோன பிரசவ ஜன்னி காதரினையும் பற்றிற்று. சுரவேகத்தில், தம்மைச் சுற்றியிருப்போர் தம் துயரைக் கண்டு நகைப்பதாகக் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் முறையிட்டதை உடனிருந்த தோழி எடுத்துரைத்திருக்கிறார். செப்டம்பர் 5-ஆம் தேதி உயிர் பிரிந்தது. உடைமை அனைத்தையும் கணவருக்கே சாசனம் செய்திருந்தார். ஆங்கிலத்திலேயே நடந்த ஈமச் சடங்கில், பிரதான துக்கம் காப்பவளாக நின்றவள் சிறுமி ஜேன் கிரே.

அடுத்து நடந்தவை அக்காலச் சட்டத்தின் கொடுமையை உள்ளபடியே காட்டுகின்றன. தமையனாரின் அதிகாரத்தைக் கவிழ்க்கச் சூழ்ச்சி செய்த குற்றத்துக்காக 1549 மார்ச் 20-இல் ஸீமோர் சிரச்சேதம் செய்யப்பட்டார். துரோகியின் சொத்து அரசுக்கே சேரும் என்ற விதிப்படி, தாயின் செல்வமும் தந்தையின் செல்வமும் குழந்தைக்கு இல்லாமற் போயின. காதரினின் சிநேகிதியான ஸஃபோக் கோமகளிடம் ஒப்படைக்கப்பட்ட அந்தச் சிசுவின் பராமரிப்புச் செலவு தம்மால் தாங்கவொண்ணாதது என்று அந்தக் கோமகள் அரசாங்கத்துக்கு மன்றாடி எழுதினார். 1550-க்குப் பிறகு சிறுமி மேரி ஸீமோரைப் பற்றிய குறிப்பு எந்த ஆவணத்திலும் இல்லை. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் நிழல் தந்த ஒரு பெண்ணின் ஒரே மகளுக்கு ஒதுங்க நிழல் இல்லாமற் போயிற்று.

அந்த மகளை வறுமையில் தள்ளியதைக் காதரின் செய்த பிழையாக எண்ணக் கூடாது. விதவையாக இருந்தவரையில் தம் நிலத்துக்கும் பொருளுக்கும் தாமே எஜமானியாக இருந்த அவர், மணமாலை சூடிய கணத்திலிருந்து சட்டப்படி கணவரின் கைக்குள் அடங்கியவரானார். விருப்பப்படி மணந்தபோதும் அந்த விதி மாறவில்லை. கணவரின் குற்றம் மனைவியின் உழைப்பையும் குழந்தையின் உணவையும் சேர்த்தே வாரிக்கொண்டு போயிற்று. இந்த முடிவுகளை எல்லாம் அருகிலிருந்து கண்டவள் எலிசபெத். அவள் பிற்காலத்தில் ஏன் மணக்கவில்லை என்பதற்கு ராஜ்ய காரணங்கள் பல உண்டு; ஒரு பெண் சபை நடுவே அமர்ந்து தேசத்தை ஆள முடியும் என்பதையும், அதே பெண் விவாகத்தால் எவ்வளவு எளிதாக வலிமை இழக்கிறாள் என்பதையும் ஒரே மனுஷியின் வாழ்வில் அவள் கண்டிருந்தாள் என்பதும் மறுக்க முடியாத உண்மை.

எட்வர்டு, மேரி, எலிசபெத் என்று காதரின் வளர்த்த மூவரும், நடுவே ஒன்பது நாள் அரசியாகக் கருதப்பட்ட ஜேன் கிரேயும், 1547 முதல் 1603 வரையில் இங்கிலாந்தின் அரியணைச் சரித்திரம் முழுவதையும் நிரப்பியவர்கள். மன்னர்களின் மனைவியரை அவர்கள் பெற்ற ஆண்மக்களின் எண்ணிக்கையால் மதிப்பிடுவது பழைய முறை. அந்த அளவுகோலின்படி காதரின் பாருக்கு மதிப்பே இல்லை. பெறாத பிள்ளைகளுக்குக் கொடுத்த கல்வியும், சிதறிய குடும்பத்தில் உண்டாக்கிய ஒற்றுமையும் ராஜ்ய சேவையே என்று ஒப்புக்கொள்வோமானால், டியூடர் வமிசத்தின் மன்னர்கள் கட்டிய கோட்டைகளோடும் நடத்திய போர்களோடும் சேர்த்து, காதரின் நடத்திய குடித்தனத்தையும் அந்தத் தேசத்தின் சரித்திரத்தில் எழுதியாக வேண்டும்.